பட்டினியும் விரதமும்

எட்டு வருடங்களாக ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இளம் பொறியாளர்களுக்கு முதல் வாரம் ஒரு மணி நேர வகுப்பு எடுப்பது என் வேலை. பேட்டரியில் ஓடும் சின்னச் சின்னக் கருவிகளைச் செய்கிறவர்கள் நாங்கள். அதனால் வகுப்பும் மின்சாரத்தை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்பதைப் பற்றித்தான். காலைச் சிற்றுண்டியின் வெண்பொங்கல் தன் வேலையைக் காட்டத் தொடங்கி, நான்கைந்து பேருக்குக் கண் செருகும் நேரத்தில் அந்தக் கதையை எடுத்துவிடுவேன்.

1985, ஏப்ரல் 26. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகார்ன் என்ற கணினி நிறுவனம். அவர்களே வடிவமைத்த முதல் மைக்ரோபிராசசர், ஆர்ம்1, தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. போர்டில் பொருத்துகிறார்கள், வேலை செய்கிறது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க, மின்சாரம் நுழையும் பாதையில் ஓர் அம்மீட்டரை வைக்கிறார்கள். பூஜ்யம் காட்டுகிறது. தேடிப் பார்த்தால் போர்டில் ஒரு தவறு இருக்கிறது: சிப்புக்கு மின்சாரம் தர வேண்டிய இணைப்பே சேரவில்லை. பக்கத்துச் சிப்புகளிலிருந்து வரும் சிக்னல் கம்பிகள் வழியாக, ஆர்ம்1-இன் கால்களில் பாதுகாப்புக்காக வைத்த டயோடுகளை, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு கதவுகளை, தாண்டிக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது!

இங்கே சற்று நிறுத்துவேன். வகுப்பு விழித்துக்கொள்ளும். சிலர் சிரிப்பார்கள். பிறகு, "இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனின் கொள்ளுத் தாத்தா அது" என்று முடிப்பேன். முதல் ஏழு வருடம் இந்த இடத்தில் யாரும் என்னைக் குறுக்கே கேட்டதில்லை.

போன வருடம் ஒரு பெண் கேட்டார். கல்லூரி முடித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. "சார், அவர்கள் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்யவில்லையே. சிப் குறைவாக இழுத்தது தற்செயல். போர்டில் நடந்தது பிழை. இதில் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்று மாலை பஸ்ஸில் என்னோடு வீட்டுக்கு வந்தது. வாரக் கணக்கில் போக மறுத்தது.

கையில் காசில்லாதவர்கள்

தற்செயல் என்ற சொல்லைத்தான் முதலில் ஏற்க முடியவில்லை. ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன் கட்டளைத் தொகுப்பை, அதாவது சிப்புக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியலை, உருவாக்கினார், ஸ்டீவ் ஃபர்பர் சிப்பின் உள்ளமைப்பைச் செய்தார். அவர்களின் முதலாளி ஹெர்மன் ஹவுசர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்: போட்டியாளர்கள் தங்கள் பொறியாளர்களுக்குத் தராத இரண்டை நான் என் ஆட்களுக்குத் தந்தேன், பணம் தரவில்லை, ஆளும் தரவில்லை. 1983-இல் அவர்கள் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகருக்குப் போய், தங்கள் பழைய கணினிகளில் இருந்த 6502 சிப்பின் வழித்தோன்றல்களை வடிவமைக்கும் இடத்தைப் பார்த்தார்கள். பெரிய ஆய்வகத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, சாதாரண வீடு போன்ற கட்டடத்தில் ஒரு சிறு குழு உட்கார்ந்திருப்பதுதான் காணக் கிடைத்தது. இவர்களால் முடியும் என்றால் நம்மாலும் முடியும் என்று திரும்பினார்கள்.

சிறு குழு செய்வதால் சிப்பும் சிறியதாகத்தான் இருந்தாக வேண்டும். ஆர்ம்1-இல் ஏறத்தாழ 25,000 டிரான்சிஸ்டர்கள், அதாவது நுண்ணிய மின் சுவிட்சுகள். அதே 1985-இல் வந்த இன்டெல் 386-இல் 2,75,000. பெருக்கல் கட்டளைகூட ஆர்ம்1-இல் கிடையாது. அடுத்து வந்த ஆர்ம்2-இல்தான் சேர்த்தார்கள். இன்னொரு நெருக்கடியும் இருந்தது. பீங்கான் உறை விலை அதிகம். பிளாஸ்டிக் உறை போட வேண்டுமென்றால் சிப் ஒரு வாட்டுக்கு மேல் சூடாகக் கூடாது. எவ்வளவு இழுக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கத் தக்க கருவிகள் அவர்களிடம் இல்லை. எனவே எங்கெல்லாம் சந்தேகமோ அங்கெல்லாம் குறைத்தே வைத்தார்கள். ஒரு வாட்டுக்குக் கீழே வர வேண்டும் என்று பயந்து பயந்து செய்தது, வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு வந்து நின்றது.

இதைத் தற்செயல் என்று சொன்னால், மாதக் கடைசியில் கையில் இருக்கும் நூறு ரூபாய்க்குள் குடும்பத்தை நடத்துகிறவரையும் தற்செயலாகச் சிக்கனமாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் அந்தப் பெண்ணின் கேள்வி முழுவதும் அடங்கவில்லை. இல்லாததால் குறைவாகச் செலவழிப்பவரிடமிருந்து கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பட்டினி கிடப்பவரைப் பார்த்து விரதம் இருக்கக் கற்க முடியுமா?

ஐந்து வரிக் கணக்கு

வெகு நாள் கழித்துப் பழைய கோப்புகளைத் துழாவியபோது ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. ஜேம்ஸ் மொன்டனாரோவும் சக பொறியாளர்களும் 1996-இல் எழுதியது. ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-110 என்ற மைக்ரோபிராசசரைப் பற்றியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்து, புரிந்ததாக நினைத்துக்கொண்டு மூடி வைத்தது.

அதைச் செய்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம், சுருக்கமாக டெக். அப்போது உலகின் வேகமான மைக்ரோபிராசசர்களைச் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களுடைய ஆல்ஃபா 21064 சிப் 200 மெகாஹெர்ட்ஸில் 26 வாட் இழுக்கும். எல்லாப் பகுதிகளும் சேர்ந்து நடக்கத் தாளம் போடும் கடிகாரத் துடிப்பைச் சிப்பின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்க்கவே ஏறத்தாழ 40 சதவீத மின்சாரம் போகும். கணக்குப் பார்க்காத பெருங்குடும்பம். அந்த வீட்டு ஆட்கள், டான் டாபர்புல் தலைமையில், 1995-இல் ஆர்ம் கட்டளைத் தொகுப்புக்கு உரிமம் வாங்கிக்கொண்டு, பேட்டரியில் ஓடும் சிப் செய்ய உட்கார்ந்தார்கள். மாசாசூசெட்ஸின் ஹட்சன் ஊரில் ஆல்ஃபாவுக்காகக் கட்டிய தொழிற்சாலையிலேயே அதையும் வார்த்தார்கள். பெரிய வீட்டு அடுப்பில் வைத்த கஞ்சி என்று சொல்லலாம்.

அந்தக் கட்டுரையில் ஒரு சிறு அட்டவணை உண்டு. ஐந்தே வரிகள். மேலே ஆல்ஃபாவின் 26 வாட்டை எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்துப் போகிறார்கள். மின்னழுத்தத்தைக் குறைத்ததில் 5.3 மடங்கு மிச்சம். 26 வாட் 4.9 ஆனது. வேண்டாத வசதிகளை விட்டதில் 3 மடங்கு, 1.6 வாட். புதிய, நுண்ணிய தயாரிப்பு முறைக்கு மாறியதில் 2 மடங்கு, 0.8. கடிகாரப் பாரத்தைக் குறைத்ததில் 1.3 மடங்கு, 0.6. கடைசியாகக் கடிகாரத்தையே 200-லிருந்து 160 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கியதில் 1.25 மடங்கு; 0.5 வாட். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும். ஐம்பது மடங்குக்கு மேல் குறைப்பு, அரைப் பக்கத்தில்.

அதை நான் ஒரு காகிதத்தில் மறுபடி எழுதி, மேசைக்கு மேல் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள்தான் என்னை உறுத்தியது எது என்று தெரிந்தது. எங்களைப் போன்ற ஆட்கள் பெருமையாகப் பேசிக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லாம் நான்காவது வரியில் இருக்கிறது. வேலை இல்லாத பகுதிக்குக் கடிகாரத் துடிப்பை அனுப்பாமல் நிறுத்துவது, தரவு தாங்கும் சுற்றுகளை எளிமையாக்குவது எல்லாம் அங்கேதான். ராத்திரி தூக்கம் கெட்டுச் செய்கிற வேலை. அதன் பலன் 1.3 மடங்கு. இரண்டாவது வரியில் சாமர்த்தியமே இல்லை. பின்ன எண் கணக்கு வேண்டாம், 64 பிட் வேண்டாம் 32 போதும், ஒரே துடிப்பில் இரண்டு கட்டளை வேண்டாம் ஒன்று போதும் என்று தலையை ஆட்டி மறுத்ததற்கு 3 மடங்கு. விரதம் என்றேனே, அது இந்த வரிதான். எல்லாம் செய்யத் தெரிந்தவர்கள், செய்து காட்டியவர்கள், இலையில் வைத்ததை ஒதுக்கியது.

தொட்டியின் உயரம்

முதல் வரியை மட்டும் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் ஒன்றாக மாறினால் தொட்டி நிரம்ப வேண்டும். ஒன்று பூஜ்யமானால் அத்தனை தண்ணீரையும் தரையில் கொட்டிவிட வேண்டும். மின்னழுத்தம் என்பது எந்த உயரம் வரை நிரப்புகிறோம் என்பது. உயரத்தைப் பாதியாக்கினால் தண்ணீரும் பாதி, அதைத் தூக்க வேண்டிய உயரமும் பாதி. எனவே உழைப்பு கால் பங்காகிவிடும். ஆல்ஃபாவின் 3.45 வோல்ட்டை 1.5 ஆக்கினால் ஏறக்குறைய 2.3 மடங்கு குறைவு. அதை அதனாலேயே பெருக்கினால் 5.3. அட்டவணையின் முதல் எண் அப்படி வந்ததுதான்.

இவ்வளவு எளிது என்றால் எல்லோரும் செய்திருப்பார்களே என்று தோன்றும். மின்னழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர் சோம்பேறியாகிவிடும். அது திறந்துகொள்ள ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. வரும் அழுத்தம் அந்த வாசற்படியை நெருங்க நெருங்க வேகம் போய்விடும். ஆகவே வாசற்படியையே இறக்கினார்கள், 0.35 வோல்ட்டுக்கு. இறக்கியதும் வேறு தொல்லை. வாசற்படி தாழ்ந்த டிரான்சிஸ்டர் சரியாக மூடாது. வாஷர் தேய்ந்த குழாய் போல எந்நேரமும் சொட்டும். சுவரில் செருகிய கணினிக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் பையில் தூங்கும் கருவிக்கு, தூங்கும்போது சொட்டுவதுதான் பேட்டரியைக் கொல்லும்.

அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. சிப்பில் இருக்கும் 25 லட்சம் டிரான்சிஸ்டர்களில் 90 சதவீதம் கேஷில், அதாவது அடிக்கடி வேண்டியதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சிறு நினைவகத்தில், இருக்கின்றன. அவை அவ்வளவு அவசரக்காரர்கள் அல்ல. அங்கெல்லாம் டிரான்சிஸ்டரில் மின்சாரம் ஓடும் கால்வாயை ஒரு துளி நீளமாக வரைந்தார்கள். நீளமான கால்வாயில் சொட்டு குறையும். வேகமும் கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொண்டார்கள். அவசரம் இருக்கும் இடத்தில் மட்டும் குட்டைக் கால்வாய். எல்லா அறைக்கும் ஒரே பூட்டு போடாமல், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் போட்ட பூட்டு.

இவ்வளவும் சிக்கனத்துக்காக. ஆனால் ஸ்ட்ராங்ஆர்ம் பேர் வாங்கியது வேகத்தால். ஆப்பிளின் நியூட்டன் கையடக்கக் கருவியில் அதற்கு முன் ஆர்ம்610 சிப் 20 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 1997-இல் வந்த மெசேஜ்பேட் 2000-இல் ஸ்ட்ராங்ஆர்ம் 162 மெகாஹெர்ட்ஸில். அதே மாதிரி பேட்டரியில்தான். பழைய ஆர்ம் சிப்புகளில் ஒரு கட்டளை மூன்று கை மாறி முடியும். இதில் ஐந்து கை. ஒவ்வொரு கைக்கும் வேலை குறைவு என்பதால் தாளத்தை வேகமாக அடிக்கலாம். பழையவற்றில் கட்டளைக்கும் தரவுக்கும் ஒரே வாசல். இதில் 16 கிலோபைட் வீதம் தனித்தனிக் கேஷ். ஆர்ம்2 பெருக்கும்போது ஒரு துடிப்பில் இரண்டு பிட்களைத் தீர்க்கும். இது பன்னிரண்டைத் தீர்த்தது. 1.65 வோல்ட்டில், 160 மெகாஹெர்ட்ஸில், டிரைஸ்டோன் என்ற வேக அளவுகோலில் 185 மிப்ஸ் (வினாடிக்கு எத்தனை பத்து லட்சம் கட்டளைகள் என்ற அளவு). செலவு 450 மில்லிவாட்டுக்குக் கீழே. உறை? 144 கால்கள் கொண்ட பிளாஸ்டிக் உறை. காசில்லாத ஏகார்ன் வேறு வழியில்லாமல் தேர்ந்த அதே பிளாஸ்டிக்.

வேகத்தின் விலையையும் அந்தக் கட்டுரை ஒளிக்கவில்லை. 160-லிருந்து 200 மெகாஹெர்ட்ஸுக்குப் போக மின்னழுத்தத்தை 2.0 ஆக்க வேண்டும். செலவு 900 மில்லிவாட் வரை போகும். கால் பங்கு கூடுதல் வேகத்துக்கு இரட்டிப்பு மின்சாரம். ஏகார்னின் ரிஸ்க் பிசி கணினியில் இந்த 200 மெகாஹெர்ட்ஸ் சிப்பைப் பொருத்தியவர்களுக்கு வேறு விதமான விலை. நினைவகப் பாதை 16 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றது. கேஷுக்குள் அடங்கும் நிரல்கள் பறந்தன, அடங்காதவை வாசலில் வரிசையில் நின்றன. ஓடும்போதே தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும் பழைய நிரல்கள் உடைந்தன, ஏனென்றால் திருத்தம் தரவுக் கேஷில் உட்கார்ந்திருக்க, கட்டளைக் கேஷ் பழையதையே ஒப்பித்துக்கொண்டிருந்தது.

அதன் பின்கதை பலருக்கும் தெரிந்ததே. டெக் இன்டெல் மீது தொடுத்த வழக்கு 1997-இல் சமரசமாகி, ஹட்சன் தொழிற்சாலையும் ஸ்ட்ராங்ஆர்மும் இன்டெல் கைக்குப் போயின. நம் பக்கத்து பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினிக்குள் இருந்ததும் அந்தக் குடும்பத்து எஸ்ஏ-1110தான். டாபர்புல் பிறகு தொடங்கிய பி.ஏ. செமி நிறுவனத்தை 2008-இல் ஆப்பிள் வாங்கியது.

கணக்கு உதைத்தது

இந்த அட்டவணையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நீளமாகப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காகிதத்தைப் படம் எடுத்துக்கொண்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது எங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. வயலில் மண்ணின் ஈரத்தை அளந்து அனுப்பும் ஒரு கருவி. பேட்டரி மூன்று வருடம் தாங்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. நானும் இன்னும் இருவரும் இரண்டு வாரம் நிரலை இழைத்தோம். விழித்திருக்கும் நேரத்தை மில்லிவினாடி மில்லிவினாடியாகக் குறைத்தோம். தேவையில்லாத பகுதிகளுக்குக் கடிகாரத்தை நிறுத்தினோம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மேசைக்கு மேல் அட்டவணையை ஒட்டிவைத்துக்கொண்டு, அதன் கீழேயே உட்கார்ந்து நான்காவது வரியில் குடியிருந்திருக்கிறேன்.

அவர் வேறு ஒன்று செய்தார். அதே மாதிரி ஒரு சீட்டு எழுதினார். பிராசசர் தூங்கும்போது இவ்வளவு, ரேடியோ அனுப்பும்போது இவ்வளவு, சென்சார் அளக்கும்போது இவ்வளவு, பேட்டரியின் சொந்தக் கசிவு இவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டினால் வந்ததற்கும் அம்மீட்டர் காட்டியதற்கும் ஒரு மில்லிஆம்பியர் வித்தியாசம். அந்த ஒரு மில்லிஆம்பியர் இரவும் பகலும் ஓடினால் எங்கள் 2400 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி நூறே நாளில் காலி. ஆனால் சீட்டில் அதற்கு உரிமையாளர் யாரும் இல்லை.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, "சார், ஒரு நிமிடம் வாருங்கள்" என்றார். கருவி தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் முன் சென்சாருக்குப் போகும் மின்சாரத்தை நாங்கள் முழுவதுமாக வெட்டிவிடுவோம். அது எங்கள் சிக்கனத் திட்டத்தின் பெருமைக்குரிய பகுதி. மல்டிமீட்டரின் முனையைச் சென்சாரின் மின்சாரக் காலில் வைத்தார். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 2.6 வோல்ட் காட்டியது.

எனக்கு உடனே புரியவில்லை. அவர் சிரிக்காமல் சொன்னார்: "நீங்கள் சொன்ன கதைதான் சார்."

பிராசசரிலிருந்து சென்சாருக்குப் போகும் சீரியல் கம்பி சும்மா இருக்கும்போது உயர்ந்த நிலையில், 3.3 வோல்ட்டில் நிற்கும். நாங்கள் முன்வாசலைப் பூட்டிவிட்டோம். மின்சாரம் அந்தக் கம்பி வழியாக, சென்சாரின் உள்ளீட்டுக் காலில் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக, கொல்லைப்புறமாக நுழைந்துகொண்டிருந்தது. செத்துப்போனதாக நாங்கள் நினைத்த சென்சார் அரை உயிரோடு ராப்பகலாக விழித்திருந்தது. எட்டு வருடமாக நான் அற்புதம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிய அதே நிகழ்வு, என் மேசையில், என் கருவியில், வயலில் செத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு கருவியிலும்.

திருத்தம் இரண்டு வரி நிரல். மின்சாரத்தை வெட்டும் முன் அந்தக் கம்பியைத் தரைக்கு இறக்க வேண்டும்; மீண்டும் கொடுத்த பிறகு உயர்த்த வேண்டும். அவரே எழுதி, கருவியில் ஏற்றினார். அம்மீட்டரை மில்லிஆம்பியர் வரம்பில் வைத்தபடியே காத்திருந்தோம். கருவி தூங்கப் போனது. திரையில் 0.00.

நான் கையை நீட்டினேன், வாழ்த்துச் சொல்ல. அவர் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து, அம்மீட்டரின் கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.